வேலைக்குப் பெங்களூர் வரும் கிறிஸ்தவர்களுக்கு: சபைக் கடிதத்தில் தொடங்குங்கள்

2017 ஜூன் மாதம் மடிவாளாவில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது என்னிடம் ஒரு சூட்கேஸ், ஒரு பாய், அம்மா கொடுத்த முறுக்கு டப்பா, ஜிப் வைத்த உறைக்குள் ஒரு வேதாகமம், இவ்வளவுதான் இருந்தது. திருநெல்வேலிப் பக்கம் சின்ன ஊர் எனக்கு. அங்கே ஒரு ஞாயிறு கோயிலுக்கு வராவிட்டால் சாயங்காலத்துக்குள் ஐயரம்மா, அதாவது குருவானவரின் மனைவி, வாசலில் வந்து நிற்பார்கள், "காய்ச்சலா பிள்ள?" என்று. பெங்களூரில் பதினான்கு மாதம் நான் ஆராதனைப் பக்கமே போகவில்லை. ஒருத்தரும் கேட்கவில்லை. இங்கே எந்தச் சபையின் புத்தகத்திலும் என் பெயர் இல்லையே, யார் கேட்பார்கள்?

விசுவாசம் போய்விட்டது என்றெல்லாம் சொல்லமாட்டேன். கடவுள் இருக்கிறாரா என்ற பெரிய கேள்வி ஒன்றும் எனக்கு வரவில்லை. நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து தூங்கினேன், அவ்வளவுதான். ஞாயிறு என்றால் துணி துவைக்கிற நாள் என்று ஆகிப்போனது.

2022-ல் கல்யாணம் நிச்சயமானபோதுதான் வினை தெரிந்தது. கல்யாண ஓலை, அதாவது இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்ற அறிவிப்பு, மூன்று ஞாயிறு ஆராதனையில் வாசிக்க வேண்டும். ஊரில் கேட்டால், "அஞ்சு வருஷமா சந்தா இல்ல, நற்கருணைக்கும் வரல, இப்ப இருக்கிற சபையில லெட்டர் வாங்கிட்டு வா" என்றார்கள். இங்கே எப்போதாவது போய்வந்த சபையில் கேட்டால், "நீங்க எங்க மெம்பரே இல்லையேம்மா" என்றார்கள். இரண்டு பேர் சொன்னதும் நியாயம்தான். ஆறு வாரம் அலைந்தேன். இரண்டு தடவை ஊருக்குப் போய், நிலுவைச் சந்தாவைக் கட்டி, எல்லாம் முடிக்க 7,000 ரூபாய்க்கு மேல் போனது. பத்திரிகை அடிக்கக் கொடுத்த பிறகு தேதியைத் தள்ளிவைக்க வேண்டிவருமோ என்று அப்பா தூங்காமல் கிடந்தார்.

அந்த அலைச்சலில் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை). ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) நண்பர்களுக்குப் பொருந்துவதை அங்கங்கே சொல்கிறேன். பெந்தெகொஸ்தே சபைகளில் கடித வழக்கம் சபைக்குச் சபை மாறும். உங்கள் பாஸ்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் உங்களுக்கும் பொருந்தும்.

1. ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பே வாங்க வேண்டிய தாள்கள்

ஆஃபர் லெட்டர் வந்த அன்றே தொடங்கிவிடுங்கள். வேலையில் சேர எப்படியும் இரண்டு மூன்று வாரம் இருக்கும். அது போதும்.

முதலாவது, சபை மாற்றுக் கடிதம். எல்லோரும் டிரான்ஸ்ஃபர் லெட்டர் என்றுதான் சொல்கிறார்கள். நீங்கள் அந்தச் சபையின் அங்கத்தினர், ஞானஸ்நானமும் திடப்படுத்தலும் (கன்ஃபர்மேஷன்) பெற்றவர், சந்தா நிலுவை இல்லை என்று சேகரத்தின் (பல ஊர்ச் சபைகள் சேர்ந்த பகுதி) குருவானவர் எழுதி, முத்திரை போட்டுத் தருவது. எந்தச் சபையில் சேரப்போகிறீர்கள் என்று தெரியாவிட்டால் பொதுவாக எழுதித் தரச் சொல்லுங்கள். சபைப் பெயரைக் குறிப்பிட்டு வாங்கிவிட்டு, அப்புறம் வேறு இடத்தில் சேர்ந்தால் மறுபடி ஊருக்கு நடக்க வேண்டும்.

இரண்டாவது, ஞானஸ்நானச் சான்றிதழ். மூன்றாவது, திடப்படுத்தல் சான்றிதழ். கல்யாணமானவர்கள் திருமணச் சான்றிதழின் நகலும், குழந்தைகளுடைய ஞானஸ்நானச் சான்றிதழும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இதில் பலரும் மாட்டிக்கொள்வது பெயரில். ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு பெயர், பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது தாத்தா சொன்ன பெயர் ஒன்று, ஆதாரில் இனிஷியல் முன்னே பின்னே. என் பதிவேட்டில் அப்பா பெயரில் ஒரு எழுத்து குறைந்திருந்தது. 1994-ல் யாரோ மைப்பேனாவால் எழுதியது. அதைத் திருத்த, குருவானவர் அப்பாவுடைய பதிவைத் தேடி இன்னொரு தடிமன் புத்தகத்தை எடுத்தார். கரையான் தின்ற ஓரம், உள்ளே பூச்சி மருந்து வாடை. தாத்தாவுடைய கையெழுத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அது தனிக்கதை. உங்களுக்கு நான் சொல்வது, திருத்தம் வேண்டுமென்றால் அதற்குத் தனியாகப் பத்து நாள் ஒதுக்குங்கள்.

எப்போது போவது? ஞாயிறு ஆராதனை முடிந்து, ஐயா சட்டை ஈரத்தோடு வாசலில் கைகொடுத்துக்கொண்டிருக்கும்போது இதைக் கேட்காதீர்கள். "சரி, பார்க்கலாம்" என்பார், மறந்துபோவார். கிராமத்துச் சேகரங்களில் ஒரே குருவானவர் பல ஊர்களைப் பார்க்கிறார். வாரநாளில் காலையில் போன் செய்துவிட்டு, ஆதார் நகல் ஒன்றோடு நேரில் போங்கள். கட்டணம் என்று எங்களிடம் வாங்கவில்லை. சந்தா பாக்கி மட்டும் கட்டச் சொன்னார்கள். கட்டியதற்கு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆர்.சி. நண்பர்களுக்கு ஒன்று. வீட்டு பீரோவில் லேமினேட் செய்து வைத்திருக்கும் பழைய ஞானஸ்நானச் சான்றிதழ் கல்யாணத்துக்கு உதவாது. உறுதிபூசுதல், திருமணம் எல்லாம் ஞானஸ்நானப் பதிவேட்டின் ஓரத்தில் குறிக்கப்படும் என்பதால், ஆறு மாதத்துக்குள் புதிதாக எடுத்த நகலைத்தான் பங்குத்தந்தை கேட்பார். ஆகவே அதைக் கிளம்பும்போது வாங்கிவைத்துப் பயனில்லை. யாரிடம் கேட்டால் கிடைக்கும் என்ற போன் நம்பரை மட்டும் வாங்கிவையுங்கள்.

2. நான்கு ஞாயிறு தேடுங்கள், ஐந்தாவதில் உட்காருங்கள்

பெங்களூரில் சபைக்குப் பஞ்சமில்லை. பஞ்சமில்லாததுதான் சிக்கல். இந்த வாரம் பாட்டு நன்றாக இருக்கும் இடம், அடுத்த வாரம் பிரசங்கம் நன்றாக இருக்கும் இடம், அதற்கடுத்த வாரம் பிஜி தோழி கூப்பிட்ட இடம் என்று ஒரு வருஷம் சுற்றலாம். நான் சுற்றினேன். ஓட்டல் ஓட்டலாகச் சாப்பிட்டவன் வயிறு மாதிரி ஆகிவிட்டது.

அதனால் ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். வந்த முதல் நான்கு ஞாயிறு நான்கு சபை. ஐந்தாவது ஞாயிறு அதில் ஒன்றுக்குத் திரும்பப் போய், அங்கேயே இருந்துவிடுங்கள்.

தேர்வு செய்ய என் அளவுகோல் மிகச் சாதாரணமானது: தூரம். வீட்டிலிருந்து நாற்பத்தைந்து நிமிஷத்துக்குள் போய்ச் சேர முடிகிற சபைதான் உங்கள் சபை. மிகச் சிறந்த பிரசங்கியார் ஒன்றரை மணி நேரத் தொலைவில் இருந்தால், மழைக்காலத்தில் நீங்கள் போகமாட்டீர்கள். இது பக்திக் குறைவில்லை, சில்க் போர்டு சிக்னல் நெரிசல்.

ஞாயிறு காலை மெட்ரோ வாரநாட்களைவிடத் தாமதமாகத்தான் தொடங்கும் என்பதையும் கணக்கில் எடுங்கள். ஏழு மணி ஆராதனை என்றால் பஸ், ஆட்டோ அல்லது நண்பரின் பைக். எலெக்ட்ரானிக் சிட்டி, பொம்மசந்திரா பக்கம் இருப்பவர்களுக்கு 2025 ஆகஸ்டில் மஞ்சள் பாதை வந்தது பெரிய நிம்மதி, ஆர்.வி. ரோட்டில் பச்சைப் பாதைக்கு மாறி, மெஜஸ்டிக்கில் ஊதாப் பாதை பிடித்தால் எம்.ஜி. ரோடு வரை போய்விடலாம்.

மொழி இரண்டாவது அளவுகோல். எம்.ஜி. ரோடு பக்கத்துப் பேராலயமான செயின்ட் மார்க்ஸ், டிரினிட்டி சர்க்கிளில் ஹோலி டிரினிட்டி, இரண்டும் ஆங்கில ஆராதனை. கார்ப்பரேஷன் சர்க்கிளில் பளிச்சென்று தெரியும் ஹட்சன் நினைவாலயம் கன்னடச் சபை. தமிழ்ச் சபைகள் சிவாஜிநகர், பிரேசர் டவுன், அல்சூர் என்று பழைய கன்டோன்மென்ட் பகுதியில் அதிகம், புறநகர்களிலும் உண்டு. வெளியே போர்டில் மூன்று மொழியிலும் எழுதியிருக்கும், எந்த நேரம் எந்த மொழி என்று போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள். நான் ஒருமுறை கேட்காமல் போய், முழுக் கன்னட ஆராதனையில் உட்கார்ந்து, ஆமென் மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

ஆபீசில் நாள் முழுக்க ஆங்கிலம் பேசுகிறோமே, ஆங்கில ஆராதனை போதாதா என்பார்கள். போதலாம். எனக்குப் போதவில்லை. ஆங்கிலத்தில் ஜெபித்தால் நான் ஆண்டவருக்கு மெயில் அனுப்புகிற மாதிரி இருக்கிறது.

ஆர்.சி.யினருக்கு சிவாஜிநகர் புனித மரியன்னை பசிலிக்காவிலும், விவேக்நகர் குழந்தை இயேசு ஆலயத்திலும் தமிழ்த் திருப்பலி உண்டு. விவேக்நகரில் வியாழக்கிழமை நவநாள் கூட்டம் அலைமோதும். சிவாஜிநகரில் ஆகஸ்ட் 29 கொடியேற்றி செப்டம்பர் 8 தேர்ப்பவனி. இந்த இரண்டுக்கும் மட்டும் போய்விட்டு, சொந்தப் பங்கு (குடியிருக்கும் பகுதிக்கான கோயில்) எது என்றே தெரியாமல் இருப்பவர்களை நிறையப் பார்க்கிறேன். ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாவற்றுக்கும் நீங்கள் குடியிருக்கும் பகுதியின் பங்குதான் கேட்கும்.

நான் கடைசியில் உட்கார்ந்த சபையைப் பற்றி ஒன்று சொல்கிறேன். முதல் நாள் ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒரு வயதான அம்மா வந்து பக்கத்தில் நின்றார்கள். அது அவர்களுடைய இடம் என்று அப்புறம்தான் புரிந்தது. நாற்பது வருஷமாக அதே பெஞ்ச். எழுந்திருக்கப் போனேன். தோளை அமுக்கி உட்காரவைத்து, தன் பாமாலைப் புத்தகத்தை இரண்டு பேருக்கும் நடுவில் விரித்தார்கள். கண்ணாடி கொண்டுவராததால் பாட்டு நம்பரை என்னிடம் கேட்டார்கள். அடுத்த ஞாயிறு, "கண்ணாடி இருக்கு, ஆனாலும் நீயே பாத்துச் சொல்லு" என்றார்கள். நான் அந்தச் சபையில் சேர்ந்ததற்கு இறையியல் காரணம் எதுவும் இல்லை.

3. பெயரை எழுதுங்கள்

சபை முடிவானதும் தள்ளிப்போடாதீர்கள். மாற்றுக் கடிதம், இரண்டு சான்றிதழ்களின் நகல், ஆதார் நகல், பாஸ்போர்ட் அளவு போட்டோ, இங்குள்ள முகவரிக்கு வாடகை ஒப்பந்தமோ பிஜி ரசீதோ, இவற்றைக் கொண்டுபோய்க் கொடுங்கள். ஆயர், அதாவது சபையின் குருவானவர், வீட்டுக்கு வந்து பார்ப்பார், அல்லது உங்களை அலுவலகத்துக்குக் கூப்பிட்டுப் பேசுவார். பிறகு கமிட்டியில் வைத்து முடிவு செய்வார்கள். கமிட்டி மாதம் ஒரு தடவை கூடினால், நீங்கள் கொடுத்த நேரத்தைப் பொறுத்து நான்கு முதல் பத்து வாரம் ஆகும். எனக்கு ஒன்பது வாரம்.

சந்தா சபைக்குச் சபை வேறு. எங்கள் சபையில் மாதம் 200 ரூபாய், குடும்பத்துக்கு. மாதாமாதம் மறந்துபோகும் என்றால் ஏப்ரலில் வருஷம் முழுவதற்கும் 2,400 கட்டி ஒரே ரசீதாக வாங்குங்கள். தோழி கையில் கொடுத்து அனுப்பாதீர்கள். அவள் நல்லவள்தான், ரசீது அவள் பெயரில் விழுந்துவிடும்.

நம் ஊர்க்காரர்களுக்கே உரிய ஒரு பொறி இருக்கிறது. ஊர்ச் சபையில் பெயர் இருந்தால்தான் தேர்தலில் ஓட்டு, அசனத்தில் (சபை விருந்தில்) உரிமை, கல்லறைத் தோட்டத்தில் இடம் என்று பெயரை அங்கேயே விட்டுவைக்கச் சொல்வார்கள் வீட்டில். அப்பாவும் அதைத்தான் சொன்னார். நீங்கள் இரண்டு வருஷத்துக்குள் திரும்பிப்போவது உறுதி என்றால் அங்கேயே வைத்துக்கொண்டு, சந்தாவை ஒழுங்காக அனுப்பி, இங்கே ஆயரிடம் சொல்லிவிட்டு விருந்தினராக வாருங்கள். அப்படி உறுதி இல்லையென்றால் இங்கே மாற்றிவிடுங்கள். இரண்டு இடத்திலும் பாதி வைத்தவர்கள் கதை என் கதை.

சொல்ல விரும்பாத விஷயம், ஆனாலும் சொல்ல வேண்டும். நகரத்தில் யாராவது இறந்துவிட்டால் ஓசூர் ரோடு கல்லறையோ கல்பள்ளிக் கல்லறையோ, முதலில் கேட்பது ஆயரின் கடிதம். எங்கள் பிஜிக்குப் பக்கத்து வீட்டில் ஊரிலிருந்து மகனைப் பார்க்க வந்த பெரியவர் இரவில் இறந்துபோனார். அந்த மகன் எட்டு வருஷமாக இங்கே இருக்கிறார், எந்தச் சபையிலும் பெயர் இல்லை. காலை பத்து மணி வரைக்கும் ஒவ்வொரு சபை நம்பராகப் போன் போட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு ஆயர் கேள்வி கேட்காமல் வந்து நின்றார்.

4. வேதம் வாசிக்க ஒரு கணக்கு

இதற்குத் தாளும் வேண்டாம், காசும் அதிகம் வேண்டாம். ஆனால் இங்கேதான் நிறையப் பேர் விழுகிறோம்.

ஜனவரி 1-ல் ஆதியாகமம் தொடங்கி, லேவியராகமத்தில் நின்றுபோகாதவர்கள் கைதூக்குங்கள். முழு வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள். நாளைக்கு மூன்று, ஞாயிறு ஐந்து என்று போனால் ஒரு வருஷத்தில் முடியும் என்பது பாட்டிகள் காலத்துக் கணக்கு. ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40. ஆகவே ஜனவரி கடைசி வாரத்தில் லேவியராகமம் வரும். அதே வாரத்தில் ஆபீசில் அப்ரைசல் வேலையும் வரும். முடிந்தது கதை.

புதிதாக வந்தவர்களுக்கு நான் சொல்லும் கணக்கு வேறு. புதிய ஏற்பாட்டில் 260 அதிகாரங்கள். வாரத்துக்கு ஐந்து வேலைநாள், வருஷத்துக்கு 52 வாரம். பெருக்கினால் அதே 260. நாளுக்கு ஒரு அதிகாரம், சனி ஞாயிறு லீவு. விட்டுப்போனதைச் சனிக்கிழமை பிடித்துவிடலாம். மாற்குவில் தொடங்குங்கள். 16 அதிகாரம்தான், ஓடும். பிறகு லூக்கா, அப்போஸ்தலர் நடபடிகள், பிலிப்பியர். ரோமரை யாராவது கூட இருக்கும்போது வாசியுங்கள்.

ஷிஃப்ட் வேலைக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அதிகாலை நான்கு மணி ஜெபம்தான் ஜெபம் என்று வளர்ந்தவர்கள் நாம். நான்கு மணிக்கு நான் கம்பெனி கேப் வண்டியில் இருப்பேன், ஹெப்பால் மேம்பாலத்தில், பக்கத்து சீட்டில் ஒருத்தி வாய்திறந்து தூங்குவாள். இரண்டு வருஷம் அந்தக் குற்ற உணர்ச்சியிலேயே கழித்தேன். ஒருநாள் ஆயரிடம் சொன்னபோது அவர் கேட்டது, "நீ எத்தனை மணிக்கு எழுந்திருப்ப?" மத்தியானம் இரண்டு மணி என்றேன். "அப்ப அதுதான் உனக்கு அதிகாலை." அன்றிலிருந்து என் வேதவாசிப்பு மத்தியானம் இரண்டே காலுக்கு. வண்டி இருட்டில் போனைப் பார்க்காமல் ஒலிவடிவில் சங்கீதம் கேட்பேன். மொத்தம் 150, நாளுக்கு ஐந்து கேட்டால் மாதத்தில் ஒரு சுற்று. 119-ஆம் சங்கீதம் மட்டும் 176 வசனம், அது வரும் நாளில் ஏர்போர்ட் ரோடு டிராபிக் கூட நல்லதுதான்.

புத்தகம் வேண்டுமென்றால், இந்திய வேதாகமச் சங்கத்தின் தலைமையகமே எம்.ஜி. ரோட்டில் இருக்கிறது. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து, குறிப்பு வசனம் உள்ளது என்று கையில் எடுத்துப் பார்த்து வாங்கலாம். எழுத்தின் அளவைப் பார்க்காமல் இணையத்தில் வாங்கி ஏமாறாதீர்கள். ஆர்.சி. நண்பர்கள் 73 நூல்கள் உள்ள பொது மொழிபெயர்ப்பைக் கேட்டு வாங்க வேண்டும். நம் பழைய மொழிபெயர்ப்பில் 66-தான்.

வாசிக்க வாசிக்கக் கேள்வி வரும். வரட்டும். கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், மாதம் ஒருமுறை ஆயரிடம் அரைமணி நேரம் கேட்டு வாங்குங்கள். ஞாயிறன்று இல்லை, செவ்வாய் புதன் மாதிரி ஒரு நாளில். இன்னும் ஆழமாகப் போக ஆசைப்படுகிறவர்கள், வேலையை விடாமலேயே இறையியல் படிக்கலாம். டாஃப்டி என்ற விரிவாக்க இறையியல் கல்வி அமைப்புக்குப் பெங்களூர்தான் தலைமையிடம்.

5. வாரத்தில் ஒருநாள் நாலைந்து பேர்

ஞாயிறு ஆராதனையில் முந்நூறு பேர். அதில் உங்கள் மனசு கேட்க நேரமுள்ளவர் யாரும் இருக்கமாட்டார். பக்கத்துப் பகுதியில் வீட்டு ஜெபம் நடக்கிறதா என்று கேளுங்கள், ஆர்.சி. பங்குகளில் அன்பியம். இல்லாவிட்டால் நாலு பேர் சேர்ந்து நீங்களே தொடங்கலாம், ஆயரிடம் சொல்லிவிட்டு.

வாடகை வீட்டில் என்றால் ஓனரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். ஸ்பீக்கர், கீபோர்டு வேண்டாம். நாங்கள் ஒருமுறை கைதட்டிப் பாடியதில் கீழ்வீட்டுக் கைக்குழந்தை விழித்துக்கொண்டது. அந்தப் பெண் மேலே வந்து கன்னடத்தில் சொன்னதில் பாதி புரியவில்லை, புரிந்த பாதியே போதுமாக இருந்தது. மறுநாள் ஒரு டப்பா கேசரியோடு போய் மன்னிப்புக் கேட்டோம். வாசலில் பன்னிரண்டு ஜோடி செருப்பு கிடந்தாலே கேள்வி வரும், உள்ளே எடுத்து வையுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் போகாதீர்கள். டீயும் பிஸ்கட்டும் போதும்; ஒரு வீட்டில் பிரியாணி போட்டால் அடுத்த வீட்டுக்காரர் தன் வீட்டில் வைக்கத் தயங்குவார். எங்கள் கூட்டம் இரண்டு முறை அப்படித்தான் நின்றுபோனது.

இன்னொன்று. தூக்கம் வராமல், சாப்பாடு பிடிக்காமல், காரணமில்லாமல் அழுகை வந்துகொண்டே இருந்தால் ஜெபக்குழுவில் சொல்லுங்கள், மருத்துவரிடமும் போங்கள். அது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் அந்த ஆலோசனையை அங்கேயே விட்டுவிடுங்கள். ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் இருக்கிறது. 14416 என்ற டெலிமானஸ் எண்ணுக்குக் கட்டணமில்லாமல் எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலும் பேசுவார்கள்.

6. கையில் ஒரு வேலை

ஓய்வுநாள் பள்ளியோ பாடகர் குழுவோ, ஏதாவது ஒன்றில் பெயர் கொடுங்கள். ஒன்று மட்டும். புதிதாக வந்தவர் ஆர்வமாக இருக்கிறார் என்று தெரிந்தால் எல்லாக் கமிட்டியும் உங்கள் வீட்டு வாசலுக்கு வரும். டிசம்பரில் கேரல் ரவுண்ட்ஸ் முடியும்போது தொண்டையும் தூக்கமும் போயிருக்கும்.

எனக்கு அதிகம் கற்றுத்தந்தது கோயிலுக்கு வெளியே ஒரு வேலை. கித்வாய் புற்றுநோய் மருத்துவமனைக்கு ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கமிருந்து நிறையத் தமிழர்கள் வருகிறார்கள். கன்னடமும் ஆங்கிலமும் தெரியாமல் எந்தக் கவுன்ட்டர், எந்தப் படிவம் என்று தடுமாறுகிறார்கள். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை நாங்கள் மூன்று பேர் முன்பே அனுமதி கேட்டுப் போவோம். படிவம் நிரப்பிக் கொடுப்பது, மருந்துக் கடையில் வரிசையில் நிற்பது, துணைக்கு வந்தவர் ஒரு மணி நேரம் தூங்க நோயாளி பக்கத்தில் உட்காருவது. அங்கே போய்ப் பிரசங்கம் பண்ணாதீர்கள், கைப்பிரதி கொடுக்காதீர்கள். நோயாளி எந்த மதம் என்று நாங்கள் கேட்பதில்லை. ஒரு பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, அவர்கள் ஊர் மாரியம்மனிடம் எனக்காக வேண்டிக்கொண்டார்கள். நான் நன்றி சொன்னேன்.

7. காணிக்கை, யுபிஐ, வாட்ஸ்அப்

தசமபாகம் (சம்பளத்தில் பத்தில் ஒன்று) கொடுப்பவர்கள் சம்பளம் வந்த அன்றே பிரித்துவிடுங்கள்; 25-ஆம் தேதிக்கு மேல் எதுவும் மிஞ்சாது. சபை பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்குத்தான் அனுப்ப வேண்டும். தனிநபர் நம்பருக்கு யுபிஐ கேட்டால், அது யாராக இருந்தாலும், "ரசீது எப்படிக் கிடைக்கும்?" என்று கேளுங்கள். வரிக்கழிவு கிடைக்கும் என்று எண்ணிக் கொடுக்காதீர்கள். சபைக் காணிக்கைக்குப் பெரும்பாலும் அது கிடைக்காது.

என் சக ஊழியர் ஒருவர் வேலை நிரந்தரமாக வேண்டும் என்று இணையத்தில் பார்த்த ஒருவருக்கு 'விதைக் காணிக்கை'யாக மூன்று தவணையில் 15,000 ரூபாய் அனுப்பினார். இன்னும் விசுவாசம் போதவில்லை, நான்காவது தவணையும் அனுப்பு என்று செய்தி வந்தது. தொகையைச் சொல்லி, தேதியைச் சொல்லி, நன்மையை விற்பவரிடம் வாங்காதீர்கள். உங்களுக்கென்றே தீர்க்கதரிசனம் என்று வாட்ஸ்அப்பில் வருவது அதே நேரத்தில் இன்னும் இருநூறு பேருக்குப் போயிருக்கும்.

8. ஆண்டில் குறித்துவைக்க வேண்டிய நாட்கள்

ஈஸ்டருக்கு முந்திய தவக்காலமான லெந்து நாட்கள்தான் தளர்ந்துபோனவர்கள் மறுபடி தொடங்க நல்ல வாசல். 2027-ல் சாம்பல் புதன் பிப்ரவரி 10, ஈஸ்டர் மார்ச் 28. நடுவில் 46 நாள், ஞாயிறுகளைக் கழித்தால் 40. பெரிய வெள்ளிக்கு விடுமுறை உங்கள் கம்பெனிப் பட்டியலில் இருக்கிறதா என்று ஜனவரியிலேயே பாருங்கள். வெளிநாட்டு கிளையன்ட் கால அட்டவணையில் பல இடத்தில் இருக்காது. கடைசி நேரத்தில் கேட்டால் கிடைக்காது, நான் இரண்டு பெரிய வெள்ளியைக் கான்ஃபரன்ஸ் காலில் கழித்தவள்.

விளைச்சலைக் காணிக்கையாகப் படைத்து ஏலம் விடும் அறுப்பின் பண்டிகைக்குக் கட்டாயம் போங்கள். ஏலத்தில் ஒரு பூசணிக்காயை 900 ரூபாய்க்கு எடுத்த கதை என் கணவர் இன்னும் சொல்கிறார். டிசம்பர் 31 வாட்ச் நைட் ஆராதனைக்குப் போகும்போது திரும்பிவர வண்டியை முன்பே ஏற்பாடு செய்யுங்கள், எம்.ஜி. ரோடு, பிரிகேட் ரோடு பக்கம் அன்று இரவு வண்டிகளை விடமாட்டார்கள், ஆட்டோ மூன்று மடங்கு கேட்கும்.

கல்யாணத்துக்குத் திட்டமிடுபவர்கள் ஓலை கொடுக்கும் தேதியைக் குறைந்தது இரண்டு மாதம் முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். லெந்து நாட்களில் பல சபைகளில் கல்யாணம் நடத்துவதில்லை என்பதையும் மண்டபத்துக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் கேட்டுவிடுங்கள்.

9. பெங்களூரை விட்டுப் போகும்போது

ஹைதராபாத்தோ துபாயோ, எங்கே மாற்றலானாலும் முதல் படியே மறுபடியும்: இங்கே கடிதம் வாங்குங்கள். ஒரு மாதம் முன்பே எழுத்தில் கேளுங்கள், அந்த மாதம் வரையிலான சந்தா ரசீதை இணையுங்கள். நீங்கள் மே மாதத்தில் கிளம்புவதாக இருந்தால் ஏப்ரலிலேயே முடித்துவிடுங்கள். ஆயர்களுக்கும் பெரும்பாலும் அந்தச் சமயத்தில்தான் மாற்றல் வரும். புதிதாக வந்தவருக்கு உங்களைத் தெரியாது, பழையவர் முத்திரையை ஒப்படைத்துவிட்டுப் போயிருப்பார்.